வன்னிக் காட்டுக்கு எந்தக் கோலம்: வேட்டை உடைகளின் உருமறைப்பை ஒப்பிட்டு உடை தெரிவு செய்யும் முறை

வட அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கென்று அச்சிடப்படும் உருமறைப்புத் துணிகளில் இலை, கிளை, மரப்பட்டை, நாணல், பெருந்திட்டு எனப் பல கோலங்கள் உள்ளன. அவற்றுள் எது சிறந்தது என்ற கேள்வி இப்போது இலங்கையின் வடக்கே உள்ள வன்னியிலும் கேட்கப்படுகிறது. கேட்பவர்கள் வேட்டைக்காரர்கள் அல்லர். கமராவையும் இருகண் நோக்கியையும் தூக்கிக்கொண்டு குளக்கரைக்கும் காட்டோரத்துக்கும் போகிற இளைஞர்கள். 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானையும் மரையையும் மயிலையும் காக்கிறது. ஆகவே இங்கு எழுதப்படுவது எதுவும் துவக்கோடு போகிறவருக்கு உரியதன்று. ஆயினும் கட்டுக்கரைக் குளத்தில் ஊசிவால் வாத்துகளை எண்ணப் போகிறவரும், புள்ளிமான் கூட்டம் தண்ணீருக்கு இறங்குவதைப் படம் எடுக்க விரும்புகிறவரும் எதிர்கொள்ளும் சிக்கல் வேட்டைக்காரர் எதிர்கொண்ட அதே சிக்கல்தான்: விலங்கு நம்மைக் காணும் முன் நாம் அதைக் காண வேண்டும், கண்ட பின்பும் அது தன் போக்கில் இருக்க வேண்டும். அந்த அச்சுத் துணிகளை ஒப்பிட்டுப் படிப்பதால் கிடைக்கும் அறிவு பெரியது. அவற்றை அப்படியே வாங்கி வன்னியில் அணிவதால் கிடைக்கும் பயன் சிறியது, ஆபத்தோ பெரியது. கோலத்திலிருந்து அதன் கணக்கை எடுத்துக்கொண்டு, சாதாரணக் கடைத் துணியில் அந்தக் கணக்கைச் செய்து முடிக்கும் வழியையே இக்கட்டுரை சொல்கிறது.

சட்டமும் ஊரின் நினைவும்

படைவீரர் என்று பிறர் நம்பும்படி படையினரின் சீருடையை ஒத்த உடையை அணிவது இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். வேட்டைக் கோலத்தில் ஓக் இலைதான் அச்சாகியிருக்கிறது, இராணுவக் கோலம் வேறு என்று வீதிச் சோதனையில் நிற்பவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது; இருபது அடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

சட்டத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2009 வரை நீடித்த போரில் இரு தரப்பினரும் உருமறைப்புச் சீருடை அணிந்திருந்தனர். வரிச்சீருடையைக் கண்ட கண்களும் இராணுவச் சீருடையைக் கண்ட கண்களும் இன்றும் இதே ஊர்களில்தான் வாழ்கின்றன. விறகுக்கோ பாலைப்பழத்துக்கோ காட்டுக்குப் போன ஒரு தாயின் முன்னால், பற்றைக்குள்ளிருந்து அத்தகைய உடையோடு ஒருவர் எழுந்து நின்றால் அந்தத் தாய்க்கு என்ன நேரும் என்பதை வன்னியில் பிறந்த எவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆகவே கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் வேட்டைச் சட்டையை உடம்பிலும் போட வேண்டாம், தொப்பியாகவும் பையாகவும் கூட எடுத்துச் செல்ல வேண்டாம். தனிப் பச்சை நிறமான இராணுவ வகைக் காற்சட்டையையும் இதே காரணத்துக்காகத் தவிர்ப்பது நன்று.

பார்ப்பது எந்தக் கண்

ஒரு கோலம் நன்றாக மறைக்கிறதா என்பதை நம் கண்ணால் மட்டும் தீர்மானிப்பதே பலர் சறுக்கும் இடம். வேட்டை உடை விற்பவர்கள் விளம்பரப் படத்தில் மனிதக் கண்ணைத்தான் ஏமாற்றிக் காட்டுகிறார்கள், ஏனெனில் பணம் கொடுப்பவர் மனிதர். காட்டிலே நம்மைப் பார்ப்பவை மூன்று வகைக் கண்கள்.

முதலாவது மானின் கண். ஆராயப்பட்ட மான் இனங்களின் விழித்திரையில் நிறம் காணும் கூம்புக் கலங்கள் இரண்டு வகையே உள்ளன. ஒருவகை ஏறத்தாழ 455 நனோமீற்றர் அலைநீளத்திலும், மற்றது 540 நனோமீற்றருக்கு அண்மையிலும் கூடுதலாக உணர்கின்றன. இதனால் நீலம் மானுக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. பச்சை, மண்ணிறம், செம்மஞ்சள், சிவப்பு ஆகியவற்றை அது ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது கடினம். நம்மவர் அதிகம் அணியும் நீல டெனிம் ஜீன்ஸ் மானுக்கு முன்னால் மிகத் தவறான உடை என்பதும், கோயில் பாதயாத்திரை போகிறவர் கட்டும் காவி வேட்டி மானுக்குக் காய்ந்த சருகின் நிறத்திலிருந்து அதிகம் விலகாது என்பதும் இதிலிருந்து வரும் முடிவுகள்.

இரண்டாவது பறவையின் கண். பறவைகளுக்கு நான்கு வகைக் கூம்புகள் உண்டு. மயில், வாத்து போன்றவற்றின் நான்காவது கூம்பு ஊதா ஒளியிலும், சிறு பாடும் பறவைகள் பலவற்றின் நான்காவது கூம்பு நமக்குத் தெரியாத புறஊதா ஒளியிலும் கூடிய உணர்வு கொண்டது. மானை மனத்தில் வைத்துச் செய்த கோலத்தின் நிறங்கள் பறவையிடம் செல்லுபடியாகா. நமக்கு ஒரே பச்சையாகத் தோன்றும் இலையும் சாயத்துணியும் பறவைக்கு இரண்டு வேறு நிறங்களாகத் தெரியக்கூடும். நிறத்தால் பறவையை வெல்ல முயல்வதைவிட உருவத்தை உடைப்பதும் அசையாதிருப்பதும் அதனிடம் அதிகம் பலிக்கும்.

மூன்றாவது குரங்கின் கண். மந்திக்கும் செங்குரங்குக்கும் நம்மைப் போலவே மூன்று வகைக் கூம்புகள் உண்டு. அவை நம்மைப் போலவே நிறம் காண்கின்றன, அதுவும் மேலிருந்து காண்கின்றன. மந்தி எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் அதன் கீழே மேயும் புள்ளிமான்கள் தலையைத் தூக்கி விழிப்படைகின்றன. மானுக்காக உடுத்தவரை மந்தி காட்டிக் கொடுக்கும் என்பதால், தொப்பியும் தோளும் மேலிருந்து பார்க்கும்போது எப்படித் தெரிகின்றன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆட்காட்டிக் குருவியும் இதே வேலையைத் திறந்த வெளியில் செய்கிறது.

யானையும் கரடியும் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அவை மூக்கால் வாழ்பவை. அவற்றிடம் மறைந்திருப்பது விரும்பத்தக்கதும் அன்று. இதைப் பின்னர் சொல்கிறேன்.

கோலம் எப்படி வேலை செய்கிறது

ஒரு நிறம் எவ்வளவு வெளிறியது, எவ்வளவு கறுத்தது என்பதை வெளிர்மை என்று வைத்துக்கொள்வோம். உருமறைப்பில் முதல் இடம் இந்த வெளிர்மைக்கே. நிறம் அதற்குப் பின்னால்தான் வரும். சுற்றியுள்ள பற்றையின் வெளிர்மையோடு உடை ஒத்துப்போனால் நிறத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். வெளிர்மை தவறினால் எவ்வளவு நுணுக்கமாக இலை வரைந்திருந்தாலும் பயனில்லை.

இரண்டாவது, கோலத்தின் பருமன். மனிதக் கண்ணின் சாதாரணக் கூர்மை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 10 மீற்றர் தூரத்தில் இது ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்கும், 50 மீற்றரில் ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கும், 100 மீற்றரில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றருக்கும் சமமாகிறது. அதைவிடச் சிறிய திட்டுகள் அந்தத் தூரத்தில் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றோடொன்று கலந்து ஒரே நிறமாகிவிடும். மானின் கண் கூர்மை மனிதருடையதைவிடக் குறைவு என்பதால் அதற்கு இந்தக் கலப்பு இன்னும் அண்மையிலேயே தொடங்குகிறது. நுணுக்கமான இலை அச்சு நிறைந்த சட்டை 60 மீற்றரில் ஒரு கருந்திரளாக மாறி, அந்தத் திரள் மனித உருவத்தின் விளிம்பைச் சற்றும் சிதையாமல் வரைந்து காட்டுவதற்கு இதுவே காரணம். மாறாக, கையகலம், முழ அகலம் என்று பெரிய வெளிறிய திட்டும் கரிய திட்டும் மாறிமாறி வரும் துணி தூரத்திலும் உடைந்தே தெரியும். சிறந்த கோலங்கள் இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கின்றன: தூரத்துக்குப் பெருந்திட்டு, அண்மைக்கு அதனுள்ளே சிறுபுள்ளி.

மூன்றாவது, நிழல். வெயில் மேலிருந்து விழுவதால் தோளும் தொப்பியும் வெளிறியும், மார்பும் கழுத்தடியும் இருண்டும் தெரியும். இந்த வேறுபாடே தட்டையான ஒரு துணிக்குள் திரட்சியான உடல் ஒன்று இருப்பதைக் கண்ணுக்குச் சொல்கிறது. பல விலங்குகளின் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது இந்த வேறுபாட்டை அழிப்பதற்கே என்று அமெரிக்க ஓவியர் அபொட் தேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கினார். புள்ளிமானின் உடம்பிலேயே அதைப் பார்க்கலாம். வன்னி ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த மாதங்களில் இந்த நிழல் மிகக் கடுமையாக இருக்கும். கறுத்த மண்ணிறத் தொப்பி, சற்று மங்கிய தோள், அதைவிட வெளிறிய கீழாடை என்ற ஒழுங்கு நமக்கும் உதவும். வேட்டை உடை தயாரிப்பவர்களில் பெரும்பாலோர் மேலும் கீழும் ஒரே அச்சைப் போட்டு இந்த வாய்ப்பைக் கைவிட்டுவிடுவது எனக்குப் புரியாத ஒன்று.

கோலங்களை வன்னியின் நிலத்தோடு ஒப்பிடுதல்

எல்லா நிலத்துக்கும் ஏற்ற ஒரே கோலம் என்று எதுவும் இல்லை. அமெரிக்க இராணுவம் 2004 இல் அப்படியான ஒன்றை அறிமுகப்படுத்தி, அது பெரும்பாலான நிலங்களில் வெளிறித் தெரிந்ததால் கைவிட்டு, 2015 முதல் வேறொரு கோலத்துக்கு மாறியது. பெரும் வளங்களைக் கொண்ட ஓர் அமைப்புக்கே கைகூடாத ஒன்றைக் கடைச் சட்டையில் எதிர்பார்க்க வேண்டியதில்லை. வன்னியோ ஒரே நிலமும் அன்று. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துப் பாலையும் வீரையும் முதிரையும் கலந்த காடு ஒருவகை; சிலாவத்துறை, அரிப்புப் பக்கத்து உடைமரமும் முட்பற்றையும் நிறைந்த வெளி இன்னொருவகை; முருங்கனின் கருங்களி வயலும், சுண்டிக்குளத்தின் வெண்மணலும் பனையும், வங்காலையின் சேற்றுத்தரையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

ஒளிப்படம் போன்ற இலைக் கோலங்களில் தொடங்கலாம். ரியல்ரீ, மொஸி ஓக் ஆகிய இரு வணிகப் பெயர்களும் 1986 இல் தொடங்கியவை. அமெரிக்கக் காட்டின் இலையும் கிளையும் பட்டையும் அவற்றின் அடிப்படை. இலையின் வடிவம் நம் காட்டு இலையோடு பொருந்தவில்லை என்பது பெரிய குறையன்று, எந்த மானும் இலையை எண்ணிப் பார்ப்பதில்லை. குறை வெளிர்மையில்தான் உள்ளது. இந்தக் கோலங்கள் பெரும்பாலும் கறுத்தவை; தூரத்தில் கலக்கும்போது இன்னும் கறுக்கும். நெடுங்கேணிக் காட்டின் உள்ளே, வீரையின் அடர்நிழலில், பத்து மீற்றருக்குள் வரும் காட்டுக்கோழிக்கு முன்னால் இது பொருந்தும். அதே துணி காட்டின் விளிம்பிலோ முட்பற்றையிலோ வெயில் பட்டு நிற்கும் சருகுக்கு முன்னால் ஒரு கரிய துளையாகத் தெரியும். வன்னியில் ஒளிப்படம் எடுக்க வாய்ப்பான இடங்கள் பெரும்பாலும் விளிம்புகளே என்பதால் இந்தக் குடும்பத்தை நான் கடைசி இடத்தில் வைக்கிறேன்.

நெடுக்குக் கோடுகளால் ஆன மரப்பட்டைக் கோலம் 1980 களின் தொடக்கத்தில் ட்ரீபார்க் என்ற பெயரில் பரவியது. ஒரு மரத்தில் சாய்ந்து நிற்பவருக்கு அது நல்லது. பாலையின் கறுத்து வெடித்த பட்டையோடு அது நன்கு சேரும். ஆனால் குளக்கரை மருதின் வழவழப்பான வெளிறிய பட்டையின் முன்னால் அது பொருந்தாது. மருதடியில் இருப்பவருக்கு வெளிறிய சாம்பல் நிறத் தனிச் சட்டை எந்த அச்சையும்விட மேல்.

நாணல், புல் கோலங்கள் வாத்து வேட்டைக்காக உருவானவை. இவற்றை வன்னிக் குளங்களோடு ஒப்பிடும்போது மாதக் கணக்கு முக்கியமாகிறது, இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் வாத்து வேட்டை இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் நடப்பதால் அங்கே நாணல் காய்ந்து வைக்கோல் நிறமாக இருக்கும். கோலமும் அதே நிறத்தில் அமைந்துள்ளது. நம்மிடம் வலசை வாத்துகள் ஒக்டோபருக்குப் பின்பு வரத் தொடங்கும்போது வடகீழ்ப் பருவமழை பெய்து, குளம் நிரம்பி, கோரையும் சம்பும் பச்சையாக நிற்கும். டிசெம்பரில் கட்டுக்கரைக் குளத்தோரம் வைக்கோல் நிறச் சட்டையோடு இருப்பவர் பசுமைக்கு நடுவே வெளிறித் தெரிவார். பெப்ரவரி கடைசியில் கரைப்புல் காயத் தொடங்குகிறது. மார்ச்சில், பறவைகள் திரும்புவதற்குச் சற்று முன்னால், அதே நிறம் சரியாக வந்து பொருந்துகிறது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் ஜூன் முதல் செப்ரெம்பர் வரை, வற்றிய குளத்தின் அடியில் மேயும் மானுக்கும் உள்ளூர் நாரைகளுக்கும் முன்னால் அதற்கு நிகரான நிறம் வேறில்லை. ஆகவே குளத்தோரத்துக்கு இரண்டு சட்டைகள் வேண்டும்: மழைக்குப் பின் மங்கிய பச்சை கலந்த சாம்பல், பங்குனியிலிருந்து வைக்கோல் மண்ணிறம்.

பெருந்திட்டுக் கோலங்கள் எந்த இலையையும் போலச் செய்ய முயல்வதில்லை. வெளிறிய மண்ணிறத் தரையில் கரிய கிளை போன்ற கீறல்களை வைக்கும் அசற் கோலமும், 2000 களின் இறுதியில் கோர் நிறுவனம் மான்களின் பார்வையை ஆராய்ந்தவர்களின் துணையோடு உருவாக்கி, சிட்கா என்ற பெயரில் விற்கப்படும் வேட்டை உடைகளில் வந்த ஒப்டிஃபேட் கோலமும் இந்தக் குடும்பம். முன்னே சொன்ன பெருந்திட்டும் சிறுபுள்ளியும் சேர்ந்த அமைப்பு இவற்றில் தெளிவாக உண்டு. மன்னார்ப் பெருநிலத்தின் முட்பற்றைக்கு, முப்பது மீற்றருக்கு அப்பால் நிற்கும் மானுக்கு, கொள்கையளவில் மிகப் பொருத்தமானவை இவையே. நாம் தையற்காரரிடம் கொண்டுபோக வேண்டிய கணக்கும் இதுவே.

வங்காலைச் சேற்றுத்தரையில் எந்தக் கோலமும் உதவாது. பூநாரைகள் நிற்கும் அந்தத் தட்டையான வெளியில் நிமிர்ந்து நிற்கும் எதுவும் வானத்தின் முன் நிழலுருவாகத் தெரியும். மன்னார்த் தாம்போதியில் ஏ14 வீதியோரம் நிறுத்திய வாகனத்துக்குள்ளிருந்து படம் எடுப்பதே அங்கு மிகச் சிறந்த மறைவு. பறவைகள் வாகனத்தைப் பொருட்படுத்துவதில்லை, இறங்கி நடக்கும் மனிதரைத்தான் பொருட்படுத்துகின்றன. மடு வீதி, சுண்டிக்குளம் ஆகிய தேசிய பூங்காக்களுக்குள்ளும் வாகனத்தை விட்டு நினைத்த இடத்தில் இறங்க முடியாது என்பதால் அங்கே உடைக் கோலம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

கடையிலும் தையற்காரரிடமும்

அச்சு உருமறைப்புத் துணிகள் வருவதற்கு முன்பு வட அமெரிக்க வேட்டைக்காரர் நெடுங்காலம் அணிந்தது சிவப்பும் கறுப்பும் பெருங்கட்டமிட்ட கம்பளிச் சட்டை. மானுக்குச் சிவப்பு மங்கலாகவே தெரியும். கட்டம் உருவத்தை ஓரளவு உடைக்கும். நம்மிடம் கட்டமிட்ட சேர்ட்டுக்கும் சாரத்துக்கும் பஞ்சமில்லை. மண்ணிறமும் சாம்பலும், அல்லது காய்ந்த பச்சையும் மண்ணிறமும் கலந்த, கட்டம் உள்ளங்கை அளவுக்குக் குறையாத பருத்திச் சேர்ட்டைத் தேடுங்கள். நீலக் கோடு ஒன்றுகூட வேண்டாம். எவரும் அதைச் சீருடை என்று நினைக்கமாட்டார்கள். அந்த உடையில் வயலுக்கும் போகலாம், கடைக்கும் போகலாம்.

இன்னும் செய்ய விரும்பினால், வெளிறிய மண்ணிறச் சேர்ட் ஒன்றை வாங்கி, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை சரிந்து போகும்படி கறுத்த மண்ணிறத் துணி ஒன்றை ஒட்டுப் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அகலம் ஒரு சாண் போதும்; விளிம்பு நேராக இல்லாமல் வளைந்து போகட்டும். தோளின் கோட்டையும் கையின் கோட்டையும் இந்த ஒட்டு குறுக்கே வெட்ட வேண்டும், ஏனெனில் மனிதரைக் காட்டிக் கொடுக்கும் கோடுகள் அவை இரண்டும்தான். வெள்ளைத் துணியின் வெண்மையை மங்கச் செய்ய, அதைத் தடித்த தேயிலைச் சாயத்தில் ஊறவைப்பது எளிய வழி. உப்புச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் நிறம் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும்.

துணி பருத்தியாக இருக்கட்டும். பொலியெஸ்ரர் மினுங்கும், முள்ளில் உரசும்போது ஓசை எழுப்பும், வன்னி வெயிலில் உடம்பை வாட்டும். இலை தொங்கும் முழு உடைகளை வெளிநாட்டில் விற்கிறார்கள். சூரைமுள்ளும் காரைமுள்ளும் நிறைந்த நிலத்தில் அவை நாலடி நடப்பதற்குள் சிக்கிக்கொள்ளும். அந்த வேலையைப் பின்னிய தென்னோலையான கிடுகிடம் விடுங்கள். காய்ந்த கிடுகின் சாம்பல் மண்ணிறம் வன்னியில் ஆண்டின் பெரும்பகுதிக்குப் பொருந்தும். இரண்டு மூன்று கிடுகுகளும் ஒரு சணல் சாக்கும் கொண்டு இடுப்பளவு மறைப்புக் கட்டி அதன் பின்னால் ஒரு பலகைக் கட்டையில் உட்கார்ந்திருப்பவரின் கை அசைவு மறைகிறது. அசைவை மறைக்கும் உடை உலகில் எங்கும் விற்கப்படுவதில்லை. முகத்துக்கு மண்ணிறச் சால்வை போதும். அதை மறைப்புக்குள் இருக்கும்போது மட்டும் சுற்றிக்கொள்ளுங்கள்; முகத்தை மூடிக்கொண்டு ஊர்ப்பாதையில் நடந்தால் வீண் சந்தேகம் வரும்.

வீட்டில் சோதித்துப் பார்த்தல்

இரண்டு மூன்று சட்டைகளை வெருளி போலக் குறுக்குத் தடியில் மாட்டி, நீங்கள் இருக்கப்போகும் வகையான பற்றையின் முன்னால் நிறுத்துங்கள். 10, 30, 60 மீற்றர் தூரங்களிலிருந்து கைத்தொலைபேசியால் படம் எடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, சிறிதாக்கிப் பாருங்கள். வெளிர்மை ஒத்துப்போகும் சட்டை முதலில் மறையும். செம்மஞ்சள், சிவப்பு உடைகள் இந்தப் படத்தில் மானுக்குத் தெரிவதைவிட வெளிறித் தெரியும் என்பதை நினைவில் வைத்திருங்கள். கமராவை நிற்கும் மனிதரின் உயரத்தில் மட்டும் பிடிக்காமல், மானுக்காக இடுப்பளவிலும், நீர்ப்பறவைக்காகத் தரையளவிலும், மந்திக்காக ஒரு பரணிலிருந்தோ குளக்கட்டின் மேலிருந்தோ பிடிக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் ஒருமுறை செய்யுங்கள், சட்டையை நனைத்தும் ஒருமுறை செய்யுங்கள். நனைந்த பருத்தி நன்றாகக் கறுத்துவிடும், நவம்பரில் உடை நனையாமல் இருக்காது.

இரவில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றும் உண்டு. வெண்மை தருவதாகச் சொல்லும் சவர்க்காரத் தூள்கள் பலவற்றில் புறஊதா ஒளியை உள்வாங்கி நீல ஒளியாக வெளியிடும் பொருள் சேர்க்கப்பட்டுள்ளது. நீலமோ மானுக்கும் பறவைக்கும் மிகத் தெளிவாகத் தெரியும் நிறம். கடைகளில் பணத்தாள் சோதிக்கும் ஊதா ரோச் லைற்றை இருட்டில் சட்டையின் மீது பிடியுங்கள். துணி நீலமாக ஒளிர்ந்தால் அது காட்டுக்கு ஆகாது. புதுச் சட்டைகள் சில கடையிலிருந்தே அப்படி ஒளிரும். நல்ல துணியைக் கட்டிச் சவர்க்காரத்தால் தனியாகத் துவைத்து, நீலம் போடாமல், வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காமல் காயவையுங்கள். பலமுறை வெயிலில் காய்ந்து சாயம் மங்கிய பழைய சேர்ட் புதியதைவிட மேல்.

காற்று, யானை, மனிதர்

உடை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் மானின் மூக்கை அது தடுக்காது. சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் விலங்கு வரும் இடத்துக்கு வடகிழக்கே உட்கார வேண்டும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் அதற்கு நேர் எதிராக. குளக்கட்டின் உச்சியில் ஒருபோதும் உட்கார வேண்டாம், வானம் பின்னால் வந்தால் எந்த உடையும் தோற்கும். கட்டின் சரிவில், பின்னால் பற்றை இருக்கும்படி அமருங்கள்.

யானை உலாவும் இடங்களில் இந்தக் கலை முழுவதையும் கைவிடுவதே சரி. மிக அருகே வந்த பின்பு மனிதரைத் திடீரென உணரும் யானையும் கரடியும் தாக்கும். அத்தகைய இடங்களில் யானை உங்களைத் தூரத்திலேயே அறிந்து விலகிப் போவதே இருவருக்கும் நல்லது. புதிய இலத்தியோ முறிந்த கிளையோ கண்டால் அன்று மறைப்புக் கட்ட வேண்டாம். மாலை ஐந்து மணிக்குள் குளத்தை விட்டு வெளியேறுங்கள்.

மறைவிடம் தேடிப் புதுப் பற்றைக்குள் ஊர்ந்து போகும் ஆசையை வன்னியில் அடக்கிக்கொள்ள வேண்டும். மிதிவெடி அபாயப் பலகை நிற்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. சட்டவிரோதமாக வேட்டையாடுவோர் கட்டும் கட்டுத்துவக்கும் (தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் துவக்குப் பொறி) கம்பிச் சுருக்கும் விலங்குப் பாதைகளில்தான் இருக்கும். மாடுகள் தினமும் நடக்கும் தடத்தில் நடந்து, மேய்ப்பவர் இளைப்பாறும் மரத்தடியில் இருங்கள். பறவைகள் அங்கே மனிதருக்குப் பழகியிருப்பதால் படமும் நன்றாகக் கிடைக்கும். போகும் முன் கிராம உத்தியோகத்தரிடமும், இடத்தைப் பொறுத்து வனவளத் திணைக்களத்திடமோ வனசீவராசிகள் திணைக்களத்திடமோ சொல்லி, வேண்டிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். குளத்தில் மீன் பிடிப்பவர்களிடம் எங்கே இருக்கப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டால், அவர்களும் அஞ்சமாட்டார்கள், உங்களுக்கும் ஆபத்தில் ஒரு துணை இருக்கும்.

பையில் ஒரு செம்மஞ்சள் துணி எப்போதும் இருக்கட்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், துவக்கால் மான் வேட்டையாட அனுமதிக்கப்படும் காலத்தில், வேட்டைக்காரர் செம்மஞ்சள் மேலுடையும் தொப்பியும் அணிவது சட்டப்படி கட்டாயம். மனிதர் மனிதரைத் தவறிச் சுடாமல் இருக்க அது ஏற்பாடாயிற்று, மானின் கண் அதைப் பெரிதாகப் பிரித்தறிவதில்லை என்பதால் வேட்டையும் கெடுவதில்லை. காட்டுத்தடத்தில் போகும்போதும் வரும்போதும் அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். மானைப் படம் எடுப்பதாக இருந்தால், மறைப்புக்குள் இருக்கும்போதும் அதைக் கழற்ற வேண்டிய அவசியம் அதிகம் இல்லை. பறவைகளுக்கும் குரங்குகளுக்கும் முன்னால் மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, எழுந்து புறப்படும்போது மீண்டும் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.